நூறு வயது வீட்டின் கூரையில் சோலார் பேனல் வைக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பக்கம் இரு சரிவு ஓட்டுக் கூரை, பின்பக்கம் பிற்காலத்தில் சேர்த்த மொட்டைமாடி, அதற்கும் பின்னால் ஒரு பழைய கொட்டகை. வெயில் நன்றாக விழுவது தெருவைப் பார்த்த சரிவில். சோலார் போட வந்த நிறுவனம் அந்தச் சரிவு முழுக்கப் பன்னிரண்டு பேனல் வைக்கலாம் என்கிறது. அண்ணன் சரி என்கிறார், அம்மா கூடவே கூடாது என்கிறார். நடுவில் நீங்கள், “ஓடு மாதிரியே இருக்கும் சோலார் ஓடு போட்டால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி எதை வாங்குவது என்பதுபோல் இருந்தாலும் உங்கள் மனசில் இருப்பது வேறு என்று படுகிறது. மின்கட்டணம் குறையவேண்டும், ஆனால் தெருமுனையில் திரும்பும்போது கண்ணில் படுவது அதே வீடாக இருக்கவேண்டும். இரண்டும் நடக்கும். பேனலில் தொடங்காமல் கூரையில் தொடங்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கட்டமைப்புப் பொறியாளர். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. சில வருடங்களாக என்னைக் கூப்பிடுபவர்களில் கணிசமானவர்கள் சோலார் வைக்கலாமா என்று கேட்க வருகிறார்கள், அல்லது வைத்தபிறகு ஒழுகுகிறது என்று வருகிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேனலை வீட்டுக்கு வாடகைக்கு வந்தவராக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூரைக்கு வயது நூறு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நூறு இருக்கும். பேனலுக்குத் தயாரிப்பாளர் தரும் மின் உற்பத்தி உத்தரவாதம் பெரும்பாலும் 25 வருடம். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை 10 முதல் 15 வருடத்தில் மாற்றவேண்டிவரும். வாடகைக்கு வந்தவருக்காகச் சுவரை இடிக்க யாரும் சம்மதிக்கமாட்டோம். அவர் காலி செய்துகொண்டு போகும்போது வீடு முன்பிருந்தபடி இருக்கவேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். பேனலிடமும் அதையே எதிர்பார்க்கலாம்.

இது என் சொந்தக் கொள்கை அல்ல. 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், பழைய கட்டடத்தில் சேர்க்கும் எதுவும் அதன் முக்கியமான பகுதிகளையும் அது நிற்கும் சூழலையும் கெடுக்கக்கூடாது என்கிறது. அமெரிக்க உள்துறைச் செயலாளர் பெயரில் வெளியான புனரமைப்பு நெறிகள் பத்து. அதில் கடைசி நெறி, புதிதாகச் சேர்த்ததை நாளைக்கு எடுத்துவிட்டாலும் பழைய கட்டடத்தின் அடிப்படை வடிவம் குலையாமல் இருக்கவேண்டும் என்கிறது. ஒன்பதாவது நெறியும் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும்: புதியது பழையதோடு ஒத்துப்போகவேண்டும், அதேசமயம் புதியது என்று தெரியவும் வேண்டும். ஓடு மாதிரி வேஷம் போடும் பேனல்மீது எனக்கு ஏன் தயக்கம் என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை, பரணில் ஏறுவது. பகல் பன்னிரண்டு மணிக்கு, உள்ளே விளக்குப் போடாமல் ஏறுங்கள். எங்கெங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது. அடுத்து, டார்ச்சைக் கைமரத்தோடு, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தோடு, ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத நீர்த்தடம், கரையான் மண்கோடு, வளைவு எல்லாம் நிழலோடு தெரியும். கைமரம் சுவரில் உட்காரும் முனையும் கூரையின் உச்சியான மோட்டில் சேரும் முனையும்தான் முதலில் கெடும். அந்த இரண்டு இடத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரம் கையைத் திருப்பித் தள்ளும். ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் உளுத்துப்போக ஆரம்பிக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பேனல் வைத்து மூன்றாவது மழைக்காலம் முடிந்த ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூடத்து மரக்கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. சோலார் போட்டவர்கள் ஓட்டை நேராகத் துளைத்து, அந்தத் துளை வழியே ஸ்க்ரூ இறக்கி, சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஓட்டைத் தூக்கினேன். சிலிக்கான் காய்ந்து, பழைய ரப்பர்போலக் கையோடு உரிந்து வந்தது. அதற்குக் கீழே கைமரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்ததுதான் தெரியும், தடுக்கவே ஆளில்லாததுபோல் ஒரு அங்குலம் உள்ளே போனது. அதேமாதிரி முப்பதுக்கு மேல் துளைகள். தொண்ணூறு வருடம் நின்ற மரம், மூன்று மழையில் அப்படி ஆகியிருந்தது. பேனல்கள் மட்டும் குறையில்லாமல் மின்சாரம் தந்துகொண்டிருந்தன. அதனால்தான் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஓட்டில் துளை போடுவது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஓட்டைத் தூக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கியைக் கைமரத்தில் முடுக்கி, இரண்டு ஓடுகளின் இடைவெளி வழியே கொக்கியின் கழுத்தை வெளியே கொண்டுவந்து, ஓட்டைத் திரும்ப வைப்பதுதான் முறை. பழைய கைமரங்கள் சம இடைவெளியில் இருக்காது என்பதால் கொக்கியின் இடத்தைக் கூரையைத் திறந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கூரைக்கு வேலை பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். மேலே 25 வருடம் ஒன்று உட்காரப்போகிறது என்றால், கீழே இருப்பது 25 வருடத்துக்குக் கை வைக்கத் தேவையில்லாமல் இருக்கவேண்டும். அமெரிக்க வெள்ளை மாளிகையிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 1979-இல் அதிபர் கார்ட்டர் அதன் மேற்குப் பகுதிக் கூரையில் 32 சோலார் வெந்நீர்ப் பேனல்கள் வைத்தார். 1986-இல் கூரையைப் பழுதுபார்க்க இறக்கினார்கள். திரும்ப ஏற்றவே இல்லை. அரசியல் காரணமும் இருந்தது என்பார்கள். எனக்கு அதில் தெரிவது இரண்டு விஷயம்: கூரைவேலை பாக்கி இருக்கும்போது மேலே ஏற்றியது நிலைக்கவில்லை, இறக்கியபோது கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் அதே வளாகத்தில் சோலார் மின்சாரம் முதலில் வந்தது மாளிகையின் மேல் அல்ல, ஒரு பராமரிப்புக் கட்டடத்தின் மேல். உங்கள் கொட்டகையை இப்போதே மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. இன்றைய 400 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 2 சதுர மீட்டர். எடை 20 முதல் 22 கிலோ. தாங்கும் சட்டங்களையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோ அளவில் வரும். ஓட்டின் எடையே பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாது. ஆக, நல்ல நிலையில் உள்ள கைமரத்துக்கு இது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை. பல கூரைகள் தாங்கும், சில தாங்காது. உங்கள் கூரை எந்த ரகம் என்பதைக் கைமரத்தின் அகலம், உயரம், நீளம், இடைவெளி நான்கையும் அளந்து கணக்குப் போட்டுத்தான் சொல்லவேண்டும். இங்கிருந்து நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. மற்ற பாதி, காற்று. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் புயல் அடித்தால் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். 22 கிலோ பேனலை 200 கிலோ விசை மேல்நோக்கிப் பிடுங்கும் நிலைகூட வரலாம். பேனலோடு கொக்கி, கொக்கியோடு கைமரம், கைமரத்தோடு மோட்டின் அடியில் ஓடும் முகட்டுவளை என்று எல்லாமே இழுக்கப்படும். அந்தக் காலத்துத் தச்சர்கள் கூரையின் எடையே அதைப் பிடித்துவைக்கும் என்ற நம்பிக்கையில் பல மூட்டுகளை வெறுமனே உட்காரவைத்துத்தான் விட்டிருப்பார்கள். அந்த மூட்டுகளுக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கவேண்டியிருக்கலாம். காற்று மிக மோசமாகப் பிடுங்குவது கூரையின் ஓரங்களிலும் மோட்டுக்குப் பக்கத்திலும். அங்கெல்லாம் பேனல் வைக்காமல் ஓர் அடி, ஒன்றரை அடி விட்டால் கூரைக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது. கூரையின் விளிம்புக்கோடு தெரியும்வரை வீட்டின் முகம் மாறாது.

இப்போது எங்கே வைப்பது. தெருப்பக்கச் சரிவில் வேண்டாம் என்பதுதான் என் முடிவு, அம்மா பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அண்ணன் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. வெயில் முழுதாக விழும் திசையை விட்டுக் காலை வெயில் பக்கமோ மாலை வெயில் பக்கமோ வைத்தால் வருட உற்பத்தி ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் குறையும். நேர் எதிர்த் திசைச் சரிவில் வைத்தால் எவ்வளவு குறையும் என்பது கூரையின் சாய்வையும் நீங்கள் இருக்கும் அட்சரேகையையும் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே, சாய்வு குறைந்த கூரையானால் இழப்பு சிறியது. தூரம் போகப் போக, கூரை செங்குத்தாகச் செங்குத்தாக, அந்தச் சரிவு பிரயோசனப்படாது. ஆனால் உங்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. அங்கே பேனலை எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தகராறே வராது.

மொட்டைமாடியில் வைத்தால் தெருவிலிருந்து தெரியுமா என்பதைப் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டுவிடலாம். தெருவில் வீட்டுச் சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் கண்மட்டம் தரையிலிருந்து 1.6 மீட்டர். சுவரின் உச்சி 7.6 மீட்டர். கண்ணுக்கும் உச்சிக்கும் வித்தியாசம் 6 மீட்டர். 30 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் பார்வைக்கோடு, சுவரைத் தாண்டியபிறகும் ஒவ்வொரு மீட்டருக்கும் 20 சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சுவரிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளி வைத்த பேனலின் தலை, சுவரின் உச்சியைவிட 60 சென்டிமீட்டர் உயரமாக இருந்தாலும் கண்ணில் படாது. கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரம் என்றால் தளத்திலிருந்து 1.6 மீட்டர் வரை உங்களுக்கு இடம் இருக்கிறது. தூரம் கூடக் கூட இந்தச் சலுகை குறையும். ஆகையால் வீடு கண்ணில் படும் மிகத் தொலைவான இடத்தை, நீங்கள் சொல்லும் தெருமுனையை, வைத்து அளவெடுங்கள். உங்கள் வீட்டில் முன்னால் ஓட்டுக் கூரையின் மோடு இருப்பதால் சுவர் உச்சிக்குப் பதில் மோட்டின் உயரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இன்னும் உங்களுக்குச் சாதகமாகவே வரும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்த வழி. ஒரு குடும்பத்தில் உங்கள் வீட்டைப்போலவே வாக்குவாதம் முற்றி, பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. பேனல் அளவுக்குக் கறுப்புத் துணி தைக்கச் சொன்னேன், ஒவ்வொன்றும் 1.7 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். லேசான மரச்சட்டத்தில் கட்டி, பக்கவாட்டுச் சரிவில் எட்டு, மொட்டைமாடியில் எட்டு என்று வைத்து ஒரு வாரம் விட்டோம். காலை எட்டு மணி, உச்சி வெயில், மாலை ஐந்து மணி மூன்று நேரமும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியம்மா வெளியில் வந்து நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “மாடியில இருக்கிறது எங்கேப்பா?” என்று கேட்டார். மாடியில் எட்டும் இருந்தன. அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பக்கவாட்டுச் சரிவில் இருந்தவற்றை அன்றே இறக்கிவிட்டார்கள். கண்ணால் பார்த்தபிறகு வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

மொட்டைமாடியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தட்டையான தளத்தில் துளை போடாமல் வைப்பதற்காகக் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைக்கும் முறை உண்டு. புதிய கான்கிரீட் தளத்துக்கு அது சரி. உங்கள் மாடி மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளமாக இருந்தால் அது வேண்டாம். காற்றுக்குத் தாக்குப்பிடிக்க வைக்கும் பாரம் பேனலின் எடையைப்போலப் பல மடங்கு வந்துவிடும். உத்திரம் தொய்ய ஆரம்பித்தால் சுண்ணாம்புத் தளம் மயிரிழையாக விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போகும். அதற்கு மாற்று, தளத்தின்மேல் எதையும் சுமத்தாமல் சுவருக்குச் சுவர் எஃகு உத்திரம் போட்டு அதன்மேல் பேனலை உட்காரவைப்பது. பழைய வீட்டின் தடித்த சுவர்கள் நேராக இறங்கும் சுமையைச் சிரமமில்லாமல் வாங்கும். உத்திரத்தின் முனைகளைச் சுவரின்மேல் ஒரு கற்பலகை வைத்து உட்காரவையுங்கள். நங்கூரம் எங்கே தேவை, எவ்வளவு தேவை என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். சாய்வு 10 டிகிரி போதும். மழை தூசியைக் கழுவிவிடும், உயரமும் ஏறாது.

சோலார் ஓடு பற்றிக் கேட்டீர்கள். இதில் உறுதியானது ஒரு பகுதி, இன்னும் முடிவாகாதது ஒரு பகுதி. உறுதியானது: சோலார் ஓடு போட உங்கள் பழைய ஓட்டை எடுக்கவேண்டும். வீட்டின் தோற்றத்தைக் காப்பாற்ற வாங்கிய பொருள், வீட்டின் நிஜமான கூரையைக் குப்பைக்கு அனுப்புகிறது. கையால் அச்சில் அழுத்தி, சூளையில் வெந்து, ஒவ்வொன்றும் ஒரு சாயலில் இருக்கும் ஓடுகள் அவை. இரண்டாவது, வெப்பம். பேனலின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். நல்ல வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும்; ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். ஓட்டுக்கு மேலே 10, 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்த பேனலுக்கு அடியில் காற்று ஓடும். கூரையோடு கூரையாகப் பதித்த சோலார் ஓட்டுக்கு அந்தக் காற்று கிடைப்பது கஷ்டம். மூன்றாவது, நூறு சின்ன ஓடு என்றால் நூறு இணைப்பு. பழுது எங்கே என்று தேடுவதே ஒரு வேலை. முடிவாகாத பகுதி, இவை எத்தனை வருடம் நிற்கும் என்பது. சாதாரணப் பேனல்கள் பல பத்தாண்டுகள் வெயிலில் கிடந்து தம்மை நிரூபித்தவை. இவை இன்னும் அந்தச் சோதனையைக் கடக்கவில்லை. நிறம் மாற்றிய செம்மண் வண்ணப் பேனல்களும் உண்டு. அந்த நிறத்துக்கான ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் நிறம் தெரியும் என்பதால், மின்சாரம் குறைவாகத்தான் தரும்.

இத்தாலியின் பழங்கால நகரமான பாம்பேயில் ரோமானிய ஓடு மாதிரியே தோன்றும் சோலார் ஓடுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், ரோமானியத் தானியத் தெய்வம் செரெஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் கூரைகள் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோதே நொறுங்கிப் புதைந்தன. இன்று அங்கே காணும் கூரைகள் சுவரையும் ஓவியத்தையும் மழையிலிருந்து காக்கப் பிற்காலத்தில் போட்டவை. பழையது போய்விட்ட இடத்தில் புதிதாகப் போடும்போது சோலார் ஓடாகவே போடுவது நல்ல யோசனை. உங்கள் கொட்டகையின் ஓடு ஏற்கெனவே பாதி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆசை இருந்தால் அங்கே முயன்று பாருங்கள். முன்கூரையில் வேண்டாம்.

ஓட்டுச் சரிவில்தான் வைக்கவேண்டும் என்ற நிலை வந்தால், முழுக் கறுப்புப் பேனல் எடுங்கள்: சட்டமும் கறுப்பு, பின்தாளும் கறுப்பு, பளபளப்பில்லாதது. வெள்ளிநிறச் சட்டம் போட்ட பேனல்கள் தூரத்திலிருந்து கட்டம் கட்டமாகத் தெரிந்து கண்ணை இழுக்கும். கூரையின் சாய்வுக்கே படுக்க வையுங்கள், கால் கொடுத்துத் தூக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து ஒரே செவ்வகமாக இருக்கட்டும். புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு, இடம் கிடைத்த இடத்தில் ஒன்றிரண்டைச் செருகி, படிக்கட்டு மாதிரி அடுக்குவதுதான் பழைய வீட்டை அலங்கோலமாக்குகிறது. இரண்டு பேனல் குறைந்தாலும் பரவாயில்லை, வடிவம் சுத்தமாக இருக்கட்டும்.

கேபிளை யாரும் யோசிப்பதில்லை. பேனல் மறைவாக இருக்கும். முன்சுவரில் ஒரு வெள்ளை பிவிசி பைப் உச்சி முதல் அடிவரை இறங்கியிருக்கும். வயர் எந்த வழியில் இறங்கும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பின்சுவரில், மழைநீர்க் குழாயை ஒட்டி, உலோகக் குழாயில் இறங்கட்டும். கிளாம்புக்கான துளையைச் செங்கல்லிலோ கல்லிலோ போடாமல் இரண்டுக்கும் நடுவே உள்ள சாந்து இணைப்பில் போடவேண்டும். நாளைக்கு எடுக்கும்போது ஒரு கரண்டி சுண்ணாம்புச் சாந்து வைத்து மூடிவிடலாம். உடைந்த செங்கல்லை அப்படி மூட முடியாது. சிமென்ட் வேண்டாம், அது பழைய செங்கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாமல் செங்கல்லையே உதிரவைக்கும்.

மரக்கூரை வீட்டில் தீ பற்றிய கவனம் இரு மடங்கு வேண்டும். பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் (டிசி) ஓடும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. இணைப்பு ஒன்று தளர்ந்து பொறி பறந்தால், வீட்டில் ஓடும் மாறுமின்சாரத்தில் (ஏசி) போல அது தானாக அறுந்துபோகாது, எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த வயர் பரண் வழியே போகக்கூடாது, வெளிப்புறமாகவே இறங்கவேண்டும்; மேலேயே துண்டிக்கும் சுவிட்ச் இருக்கவேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் அடியில் மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்தால் அந்த உயர் நேர்மின்னழுத்தமே இருக்காது, மோட்டு நிழலோ மர நிழலோ ஒரு பேனலில் விழுந்தால் மற்றவை பாதிக்கப்படாது. ஆனால் ஒன்று கெட்டால் கூரைமேல் ஏறவேண்டும், ஓட்டில் ஏறினால் ஓடு உடையும். மொட்டைமாடிக்கு அது பிரச்சினையில்லை. பேட்டரி வைப்பதானால் பரணிலும் மாடிப்படிக்கு அடியிலும் வேண்டவே வேண்டாம், கொட்டகையில் வையுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில் மின்வெட்டு வந்தால் சோலாரும் நின்றுவிடும், லைன் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் துணி சுற்றிய அல்லது ரப்பர் பூசிய பழைய வயர் இன்னும் ஓடுகிறதென்றால், எர்த் இல்லையென்றால், சோலாருக்கு முன்னால் அதை மாற்றுங்கள். இதில் சமரசம் கூடாது.

துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். துளிகூடத் தெரியக்கூடாதா, கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லையா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் 1446-இல் தொடங்கி 1515-இல் கட்டி முடிந்தது. அதன் ஈயக் கூரையைப் புதுப்பித்தபோதே 438 சோலார் பேனல்களும் வைத்தார்கள். பாரம்பரியக் காப்பு அமைப்பு கவலை தெரிவித்தது. கூரையின் கோடு மாறிவிடும் என்றார்கள். 2023-இல் நகர மன்றம் அனுமதி தந்தது. அதற்கு முன்பே 2016-இல் குளோஸ்டர் பேராலயக் கூரையில் 150 பேனல்கள் ஏறிவிட்டன. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் தரையிலிருந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பருவநிலை கெட்டால் பழைய கட்டடம் எதுவுமே மிஞ்சாது, ஆகவே கொஞ்சம் தெரிந்தாலும் வைக்கவேண்டும் என்பவர்களை நான் மதிக்கிறேன். வேறு இடமே இல்லாத வீட்டில் நானும் அப்படிச் சொல்லக்கூடும். உங்களுக்கு வேறு இடம் இருக்கிறது.

கடைசியாகப் பன்னிரண்டு பேனல் என்ற எண்ணிக்கை. அது கூரையின் அளவைப் பார்த்துச் சொன்ன எண், உங்கள் தேவையைப் பார்த்துச் சொன்னதல்ல. வெயில் நல்ல இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மேகம் அதிகமுள்ள இடத்தில் பாதிதான் வரும். கடந்த 12 மாதக் கட்டண ரசீதை எடுத்து நாள் சராசரியைப் பாருங்கள். பழைய மின்விசிறிகளை மாற்றி, குண்டு பல்புகளை எல்இடி ஆக்கி, மூடாத ஜன்னல் கதவுகளைச் சரிசெய்தால் அந்த எண் இறங்கும். பல வீடுகளில் பன்னிரண்டு என்று ஆரம்பித்தது எட்டில் முடிந்திருக்கிறது. எட்டு பேனல் உங்கள் மாடியிலேயே அடங்கிவிடும்.

உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கியபிறகே முன்பணம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஓட்டில் துளை இல்லை, உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே அளவு, அதே ரகப் பழைய ஓடு, பேனலை இறக்கும் நாளில் எல்லா இரும்பையும் எடுத்துத் துளைகளைச் சுண்ணாம்பால் மூடித் தருவது அவர்கள் பொறுப்பு. வேலைக்கு முன் கூரையின் உள்ளும் வெளியும் போட்டோ எடுத்து வையுங்கள். எடுத்த ஓடு ஒன்றைக்கூட வெளியே அனுப்பாமல் பரணில் அடுக்குங்கள். அந்த ரகம் இனி கிடைப்பது அரிது. இந்த வாரம் கறுப்புத் துணி எட்டு தைத்து மாடியில் வைத்துவிட்டு, அண்ணனையும் அம்மாவையும் தெருமுனைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பரணில் எடுத்த படங்களும் கைமரத்தின் நான்கு அளவுகளும் அனுப்பினால், மேற்கொண்டு கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.